கடைசி இரண்டு மைலுக்கு ஒரு டயர்

இலங்கைக்குப் போகிறேன் என்றதும் பொள்ளாச்சியில் என் டயர் கடைக்கு வந்தவர்கள் கடற்கரையைப் பற்றிக் கேட்டார்கள், யானையைப் பற்றிக் கேட்டார்கள். நண்பனுக்கு டயர் பார்த்துக் கொடுக்கப் போகிறேன் என்றேன். யாரும் நம்பவில்லை. என் மனைவி மட்டும் நம்பினாள். "அங்கயும் போயி டயர்தானா?" என்று கேட்டுவிட்டு, பெட்டியில் இரண்டு ஸ்வெட்டரை வைத்தாள்.

நண்பன் பெயர் மகேந்திரன். தோஹாவில் நாங்கள் இருவரும் ஒரே டயர் கடையில் வேலை பார்த்தோம். ஒரே அறை, அடுக்குக் கட்டில், அவன் மேலே, நான் கீழே. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் கந்தப்பளையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். எங்கள் வால்பாறையில் லைன் வீடு என்போம். விளக்கை அணைத்த பிறகு மேலிருந்து அவன் குரல் வரும்.

"ஒரு கெப் வாங்கணும்ணே. எங்க லயத்து வாசல்ல ஸ்டார்ட் பண்ணுனா கொழும்புலதான் நிப்பாட்டணும். நடுவுல ஒருத்தன் கையிலயும் சாமானக் குடுக்கக் கூடாது."

பிக்கப் வண்டியை அவர்கள் ஊரில் கெப் என்கிறார்கள். சாமான் என்று அவன் சொன்னது லயத்தைச் சுற்றி அவர்கள் ஜனங்கள் போடும் காய்கறிகள்: லீக்ஸ், கரட், கோவா என்னும் முட்டைக்கோஸ். அதையெல்லாம் ரோடு வரைக்கும் முதுகில் சுமந்து, அங்கே யாரோ ஒருவருடைய லாரிக்குக் காத்துக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவன். ஊருக்குத் திரும்பிப் போய்ச் சொன்னபடியே இரண்டு வரிசை சீட்டு உள்ள பழைய டபுள் கெப் ஒன்றை வாங்கிவிட்டான். டயர் நாலும் மொட்டை என்றும், தையில் தங்கச்சி கல்யாணம் என்றும், இரண்டுக்குமாகச் சேர்த்து வந்துவிடுங்கள் என்றும் போன் பண்ணினான்.

ரயில் மலை ஏறும்போது பக்கத்தில் ஒரு சிங்களப் பெரியவர் இருந்தார். வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, சோற்றில் பாதியை என் பக்கம் தள்ளினார். நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவர் என்னவோ சொன்னார். எதிர் சீட்டுப் பெண் தமிழில் சொன்னாள்: "மலை ஏற ஏறப் பசிக்குமாம். பெறகு கேட்டாக் குடுக்க மாட்டாராம்." பலாக்காய்க் கறியும், துவையல் மாதிரியான மாசிக் கருவாட்டுச் சம்பலும். அவர் சொன்னது சரிதான், பாதிச் சோறும் போதவில்லை.

நானுஓயா ஸ்டேஷனில் மகேந்திரன் நின்றிருந்தான். பல வருடம் கழித்துப் பார்க்கிறோம். அவனுக்குத் தொப்பை விழுந்திருந்தது. ஆனால் என் கண் முதலில் போனது டயருக்குத்தான். உள்ளங்கை மாதிரி வழவழவென்று இருந்தது. "டேய், இந்த வண்டி தோஹாவுல நம்ம கடைக்கு வந்திருந்தா, ஓட்டிட்டு வந்தவனைத்தான் மொதல்ல கீழ எறக்கி உட்ருப்போம்" என்றேன். "அதான் உங்களக் கூப்ட்டேன்" என்று சிரித்தான்.

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக நல்ல தார் ரோடு. வளைந்து வளைந்து போனாலும் வால்பாறைக் கொண்டை ஊசிகளில் பழகிய எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு முச்சந்திக் கடையில் தார் முடிந்தது. அங்கிருந்து அவன் லயத்துக்கு இரண்டு கட்டை. மைலைக் கட்டை என்கிறார்கள். அந்த இரண்டு கட்டையும் சிவந்த களிமண் ஏற்றம். ஒரு பக்கம் தேயிலை, மறு பக்கம் கான் என்று அவர்கள் சொல்லும் ஆழமான வடிகால். அன்று வெயில் அடித்துக் காய்ந்திருந்தது. அப்படியும் ஓர் இடத்தில் வண்டி பின்னால் வழுக்கி, மறுபடி யோசித்து ஏறியது.

மகேந்திரன் மனைவி சுகந்தி கொழுந்து எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கோதுமை ரொட்டியும் மிளகாயை இடித்துச் செய்த கட்டச் சம்பலும் வைத்தாள். அந்தச் சம்பலின் காரம் காது வரைக்கும் போனது. சாப்பிட்டு முடிப்பதற்குள் டயர்ப் பேச்சு தொடங்கிவிட்டது.

மகேந்திரனுக்குச் சேற்று டயர்தான் வேண்டும். பெரிய பெரிய கட்டிகள், நடுவில் அகலமான இடைவெளி. சேற்றை அள்ளி, சுற்றும்போதே வெளியே வீசிவிடும். அவன் போனில் வைத்திருந்த படங்களில் பாதி அந்த டயர்தான், மீதிதான் பிள்ளைகள்.

நான் தொழில்காரனாகப் பேசினேன். சேற்றில் நன்றாகப் போகும் டயர் ஈரத் தாரில் நன்றாக நிற்காது. கட்டிகள் மட்டும்தான் தரையைத் தொடும், பிடிமானம் குறைவு. தினமும் நுவரெலியா போகிறவன், இரண்டு கட்டை சேற்றுக்காக மற்ற எல்லா ரோட்டிலும் ஆபத்தை இழுத்துக்கொள்ளலாமா? நடுத்தரமாக ஒரு டயர் இருக்கிறது, மண்ணுக்கும் ஆகும், தாருக்கும் ஆகும், அதை எடு என்றேன்.

சுகந்தி அடுப்படியிலிருந்தே சொன்னாள். "அண்ணன் சொல்றதுதாங்க சரி. சேத்துல வழுக்குனா கானுக்குள்ள விழுவோம், எந்திரிச்சி வருவோம். தார் ரோட்டுல பஸ்ஸு வருது, லாரி வருது. அங்க வழுக்குனா?"

மகேந்திரன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் நுவரெலியாவில் விமலசேன என்பவரின் டயர் கடைக்குப் போனோம். கடை வாசலில் நான்கு சேற்று டயர்களை அடுக்கி, மேலே ஒரு பூந்தொட்டி வைத்திருந்தார். மகேந்திரன் அந்த அடுக்கின் பக்கத்தில் போய் நின்று, கட்டிகளின் நடுவே விரலை விட்டுப் பார்த்தான். கன்றுக்குட்டியின் காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுவதுபோல் இருந்தது. எனக்கே பாவமாகிவிட்டது. ஆனாலும் நடுத்தர டயரைத்தான் எடுத்தோம். மாட்டி முடிக்கும் வரை அவன் என்னோடு பேசவில்லை. பக்கத்து பேக்கரியில் பணிஸ் என்று அவர்கள் சொல்லும் பன், உள்ளே மீன் வைத்தது, வாங்கி வந்து என் கையில் ஒன்றைத் திணித்தபோதுதான் கோபம் பெரிதில்லை என்று தெரிந்தது.

இரண்டு நாள் வெயில். வண்டி பூப்போல ஓடியது. நான் கொஞ்சம் அதிகமாகவே பெருமைப்பட்டுக்கொண்டேன். கந்தப்பளைக் கடையில் டீ குடிக்கும்போது, முன்பின் தெரியாதவர்களிடம்கூட டயரைக் காட்டிப் பேசினேன்.

பிறகு மழை வந்தது. எங்கள் ஊர் மழை அடித்து ஊற்றிவிட்டுப் போய்விடும். இது அப்படியில்லை. விருந்துக்கு வந்த உறவுக்காரர் மாதிரி உட்கார்ந்துவிட்டது. ராத்திரி தகரக் கூரையில் கேட்ட சத்தம் காலையிலும் அதே சுருதியில் கேட்டது.

கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில். டவுனில் மண்டபம் பிடித்தால் லயத்து ஆட்களில் பாதிப் பேர் வர முடியாது என்று மகேந்திரனின் தங்கை நிரோஷினியே சொல்லிவிட்டாள். நுவரெலியாவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண் அவள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் அதுதான் முடிவு. ஆகவே அரிசி, பருப்பு, வாடகைப் பாத்திரம், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் மேலே ஏற வேண்டும். கல்யாணத்துக்கு இரண்டு நாளுக்கு முன்னால், மழையோடு மழையாக எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு முச்சந்தியிலிருந்து மேலே திரும்பினோம்.

பாதி தூரம் கூடப் போகவில்லை. என்னுடைய நடுத்தர டயரின் சின்னச் சின்ன இடைவெளிகளில் களிமண் புகுந்து அப்பிக்கொண்டது. சாந்து பூசிய சுவர் மாதிரி ஆகிவிட்டது டயர். சக்கரம் சுற்றியது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு பின்னோக்கி, மிக மெதுவாக, யாரோ தோளில் கைபோட்டு அழைத்துப் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போய்க் கானுக்குள் பின் சக்கரத்தை இறக்கியது. ஒரு அண்டா மட்டும் உருண்டு தேயிலைக்குள் ஓடியது.

லயத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆண்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். பெண்கள் கொழுந்துக் கூடையைச் சுமக்கும் பழக்கத்தில், அரிசி மூட்டைகளைக் கயிற்றால் நெற்றியில் தொங்கவிட்டு முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள். சுகந்தியும் ஒரு மூட்டையோடு என்னைத் தாண்டிப் போனாள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்காலிகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போன ஒருத்தி மட்டும் பக்கத்தில் வந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது.

"இந்தியாக்கார அண்ணன் வாங்கிக் குடுத்த டயரு நல்லாத்தான் இருக்கு. ரோட்டத்தான் மாத்தணும்."

இருவரும் சிரித்துக்கொண்டே ஏறிப் போனார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் சத்தமாகச் சிரிக்கும் நிலையில் நான் இல்லை.

அன்று சாயங்காலம் மகேந்திரன் குறை சொல்வான் என்று எதிர்பார்த்தேன். நானாகவே பேச்சை எடுத்தேன். "நாளைக்குப் போயி மாத்திருலாம். நீ சொன்ன டயரே போடு."

அவன் சுகந்தியைப் பார்த்தான். அவள் கால் விரல்களின் நடுவே ஒட்டியிருந்த மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். "மாப்பிள்ள வீட்டு ஆளுங்கள மூட்டையாட்டம் தூக்கிட்டு வர ஏலாதுதானே" என்றாள். "போடுங்க. ஆனா தார் ரோட்டுல மெல்லமாப் போகணும்."

விமலசேனவுக்குச் சேறு அப்பிய டயர்களைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. அதிகம் ஓடாத டயர் என்பதால் மாற்றித் தரச் சம்மதித்தார். மகேந்திரனிடம் சிங்களத்தில் எதையோ சொல்லி, என்னையும் பார்த்துக்கொண்டார். "இந்தியாவிலிருந்து ஆள் வந்து சொன்னதால் எடுத்தீர்கள், மழை வந்து சொன்னதால் திருப்பிக் கொண்டுவருகிறீர்கள்" என்றாராம். பூந்தொட்டியை அவரே எடுத்துக் கீழே வைத்தார்.

புது டயர் தார் ரோட்டில் ஊளையிட்டது. வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடி, பேசுவதென்றால் கத்த வேண்டியிருந்தது. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசியது. அந்த ஒரு நாளிலேயே டீசல் முள் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. எனக்கு ஒவ்வொன்றும் குறையாகப் பட்டது. மகேந்திரனோ அந்த ஊளைக்குத் தாளம் போட்டுக்கொண்டு வந்தான். முச்சந்தியில் இறங்கி நாலு சக்கரத்திலும் கொஞ்சம் காற்றைக் குறைத்தேன், டயர் அமர்ந்து பிடிக்கட்டும் என்று. பிறகு மண்ணில் இறங்கினோம். முந்தின நாள் எங்களைக் கானுக்குள் தள்ளிய ஏற்றம் அது. வண்டி அதில் பூரான் மாதிரி ஊர்ந்து ஏறியது. இரண்டு பக்கமும் சேறு வாரி அடித்தது. லயத்துப் பிள்ளைகள் கூடவே ஓடி வந்தார்கள். நான் வாழ்நாளில் எத்தனையோ டயர் விற்றிருக்கிறேன். ஒரு டயர் வேலை செய்வதைப் பார்த்துக் கை தட்டியது அன்றைக்குத்தான்.

கல்யாணத்தன்று காலையிலும் மழை. மாப்பிள்ளை பிரதீப் நல்லதண்ணியைச் சேர்ந்தவன். சிவனொளிபாத மலைக்கு ராத்திரியில் யாத்திரையாக ஏறுகிறவர்களுக்கு அடிவாரத்தில் கம்பளிக் குல்லாவும் தின்பண்டமும் விற்கிற குடும்பம். அவர்கள் வந்த பஸ் முச்சந்தியில் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஓட்டுநர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மகேந்திரன் கெப்பைத் திருப்பி நிறுத்தி, பின்னால் தார்ப்பாயைக் கூடாரமாகக் கட்டியிருந்தான்.

மாப்பிள்ளையின் அம்மா பட்டுச் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி பாதையைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். "நான் இதுல ஏற மாட்டேன். செருப்பக் கையில புடிச்சிக்கிட்டு நடந்தே வாறேன்."

"நடந்தா முகூர்த்தம் முடிஞ்சிதாம்மா வருவீங்க" என்றான் மகேந்திரன்.

"முடிஞ்சா முடியட்டும். மகன் கல்யாணத்தப் படத்துல பாத்துக்கிறேன்."

சுகந்தி இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்தாள். "மாமி, நானும் உங்க கூடவே உக்காந்து வாறேன். வழுக்குனா ரெண்டு பேரும் சேந்து விழுவோம்." அந்த அம்மாள் சிரித்துவிட்டார். ஏறினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு மாரியம்மனைக் கூப்பிட்டபடியே மேலே போய்ச் சேர்ந்தார். இறங்கியதும் டயரைக் காட்டி, "இது எங்க வாங்குனது?" என்று கேட்டார்.

வண்டியில் நடை நடையாக ஆட்கள் போனார்கள். மேளக்காரர்கள் ஏறிய நடைதான் மறக்க முடியாதது. தவிலை மழையில் நனையாமல் மடியில் வைத்திருந்தவர், வண்டி குலுங்கிய குலுக்கலில் தானாகவே தட்ட ஆரம்பித்தார். நாதஸ்வரக்காரர் விடுவாரா? ஏற்றம் முழுக்க வாசித்துக்கொண்டே போனார்கள். தேயிலைக்கு நடுவில் வண்டி கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் மேளச் சத்தம் மட்டும் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. முகூர்த்தம் தவறவில்லை. மாப்பிள்ளையின் வேட்டியில் முழங்கால் வரை சேறு. நிரோஷினி குனிந்து அதைப் பார்த்துச் சிரித்ததை நான் பார்த்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் அன்றைக்கே பஸ்ஸில் திரும்பினார்கள். மணமக்கள் ஓர் இரவு பெண் வீட்டில் தங்கி, மறுநாள் அண்ணன் கொண்டுபோய் விடுவது அவர்கள் வழக்கம். அதன்படி அலுமாரியும் தையல் மெஷினும் பின்னால் ஏற்றி, நான் முன்னால் மகேந்திரனோடு, சுகந்தியும் மணமக்களும் பின் சீட்டில் என்று கிளம்பினோம். தாரில் ஏறியதும் டயருக்குக் காற்றை நிரப்பிக்கொண்டோம். தூறல்தான். நானுஓயாவைத் தாண்டி இறக்கத்தில் ஒரு வளைவு. வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு பஸ், ஆள் ஏற்றுவதற்காக நின்றிருந்தது.

மகேந்திரன் பிரேக்கை மிதித்தான். வேகத்தை நான் பார்த்துக்கொண்டேதான் வந்தேன், அதிகமில்லை. ஆனால் வண்டி நிற்கவில்லை. சக்கரம் நின்றுவிட்டது, வண்டி போய்க்கொண்டே இருந்தது. டயரின் ஊளை நின்றுபோய், வண்டிக்குள் எந்தச் சத்தமும் இல்லை. பஸ்ஸின் பின்பக்கக் கண்ணாடியில் ஒரு பிள்ளையின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. மகேந்திரன் பிரேக்கை விட்டு, இடது பக்கம் ஒடித்தான். மண் கரையில் மோதி, மட்கார்டு நசுங்கி, வண்டி நின்றது. பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், அவ்வளவுதான்.

யாருக்கும் அடியில்லை. கண்டக்டர் இறங்கி ஓடி வந்து சிங்களத்தில் சத்தம் போட்டார். பின் சீட்டில் மாலையும் பட்டுமாக இருந்தவர்களைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். நல்லதண்ணிக்குப் போகும் வழியில் இருக்கிற ஹட்டனுக்குப் போகும் பஸ்தான், இடம் இருக்கிறது என்று கையால் காட்டினார்.

சுகந்தி கதவைத் திறந்து இறங்கினாள். நிரோஷினியின் கையைப் பிடித்து இறக்கினாள். மகேந்திரன் பக்கம் வந்து, அவன் நெற்றியையும் கையையும் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் பேசினாள்.

"சாமான நீங்க கொண்டாங்க. ஆளுங்கள நான் பஸ்ஸுல கூட்டிப் போறேன்."

அவன் தலையாட்டினான்.

"அண்ணே, நீங்களும் பஸ்ஸுலயே வாங்க" என்றாள் என்னிடம்.

அவனைத் தனியாக விட்டுப் போக மனம் வரவில்லை. "நான் இவன்கூடவே வர்றேனுங்க" என்றேன். "அப்ப மெல்லமா வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறினாள்.

அன்றைக்குப் போன மாதிரி மெதுவாக நான் எந்த வண்டியிலும் போனதில்லை. ஆட்டோக்கள் தாண்டிப் போயின. பாட்டுப் போட்டுக்கொண்டு ரொட்டி விற்கிற ஆட்டோ கூடத் தாண்டிப் போனது. தலவாக்கலையில் ஒரு கடையோரம் நிறுத்தி, பால் இல்லாத பிளேன் டீ வாங்கிக் குடித்தோம்.

"தங்கச்சி கத்தவே இல்லண்ணே" என்றான். "கண்ணாடியில பாத்தேன். தாலியப் புடிச்சிக்கிட்டு அப்பிடியே இருந்தா. கத்தியிருந்தாக்கூடப் பரவால்ல."

"மறுபடி மாத்திக்கலாம். விமலசேன ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"மாத்திட்டு மேல எப்பிடிப் போறது? கானுக்குள்ள எறங்குனதப் பாத்தீங்கதானே."

"ரெண்டு செட்டு வெச்சுக்க. முச்சந்திக் கடையில ஒரு செட்டு."

"காலையில நாலு, அந்திக்கு நாலு. தெனம் டயர் மாட்டுறதுக்கு நான் தோஹாவுலயே இருந்திருக்கலாமே." சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. துடைக்காமல் எதிரில் இருந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுபடி வண்டியை எடுத்த பிறகு, நான் கேட்காமலே சொன்னான். "முச்சந்தியோட நிப்பாட்டிக்கிறேண்ணே. மேல இருந்து அதுவரைக்கும், அங்க இருந்து மேல வரைக்கும். சாமானு, ஆளு, அரிசி, காஸ் சிலிண்டரு எல்லாம். அதுக்குக் கீழ நான் போவல. லாரிக்காரங்கிட்டக் குடுத்திருவோம்."

"கொழும்பு?"

"கொழும்புக்குத்தான் பஸ்ஸு போவுதுதானே."

விளையாட்டாகச் சொல்வதுபோலத்தான் சொன்னான். ஆனால் அடுக்குக் கட்டிலின் மேலிருந்து இருட்டில் அந்தக் குரலை அத்தனை வருடம் கேட்டவன் நான். அது எவ்வளவு பெரியதை விட்டுக்கொடுத்த பேச்சு என்று எனக்குத் தெரியும். அவன் தோளில் கையை வைத்தேன். ரோட்டைப் பார்த்தபடியே என் கையை ஒரு முறை தட்டிக் கொடுத்தான்.

நல்லதண்ணியில் எங்களுக்காக எல்லோரும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். "வண்டிய உருட்டிக்கிட்டா வந்தீங்க?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. புதுப்பெண் முதல் நாளே வாசல் தாண்டி ஓடி வரக்கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்காமல் நிரோஷினி ஓடி வந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள். "நசுங்குனது மட்கார்டு மட்டுந்தானே?" என்று கேட்டாள். "மட்கார்டு மட்டுந்தான்" என்றான் அவன். "அப்ப சாப்புட வாங்க." கோழிக்கறியும் சுடுசோறும். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. மலைப் பாதையின் விளக்குகள் எரியத் தொடங்கி, உச்சி வரை ஒரு கோடு ஏறியது. குல்லா போட்ட ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு கடையைத் தாண்டிப் போனார்கள். சுகந்தி அதைப் பார்க்கவில்லை. வண்டிப் பக்கம் போய், நசுங்கிய இடத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகேந்திரன் போய் அவள் பக்கத்தில் நின்றான். அவன் சொன்னதும் எனக்குக் கேட்கவில்லை, அவள் சொன்னதும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பி வந்த பிறகு நான் இருந்த சொச்ச நாட்களில் அவன் சொன்னபடியே நடந்தான். காலையில் லீக்ஸ் மூட்டைகளோடு இறங்குவான். முச்சந்தியில் லாரி நிற்கும். முதல் நாள் மூட்டையைக் கைமாற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டாம் நாள் லாரிக்காரரோடு நின்று வெற்றிலை போட்டான். திரும்பி ஏறும்போது வண்டி காலியாக இருந்ததே இல்லை. காஸ் சிலிண்டர், ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த கர்ப்பிணி, கோழித் தீவனம், ஒரு தடவை கல்யாணப் பத்திரிகையோடு வந்த வேறு தோட்டத்துக்காரர்கள். முன்னெல்லாம் அத்தனை பேரும் நடந்த பாதை அது.

நான் கிளம்பிய காலையில் அவனும் சுகந்தியும் முச்சந்தி வரை வந்தார்கள். என் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, மகேந்திரன் தலையைச் சொறிந்தான்.

"டயர் வாங்கித் தர அவ்வளவு தூரத்துல இருந்து கூப்ட்டுட்டு, ஸ்டேஷன் வரைக்கும்கூட வர மாட்டேங்குறேன். கோவமாண்ணே?"

"டயர் கடைக்காரன் சொல்றதக் கேக்கற டிரைவரை இப்பத்தான்டா மொத மொதல்லப் பாக்கறேன்" என்றேன். "எதுக்குக் கோவம்?"

சுகந்தி ஒரு பொட்டலம் கொடுத்தாள். ரொட்டியும் சம்பலும். "ரயில்ல பக்கத்துல இருக்கறவங்களுக்கும் சேத்துத்தான் வச்சிருக்கேன். நீங்களே தின்னுறாதீங்க."

பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். கையாட்டலாம் என்று நினைத்தால், மகேந்திரன் என் பக்கமே பார்க்கவில்லை. கடை வாசலில் ஒரு பெரியவர், தோளில் அரிசி மூட்டையோடு, ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மறு செருப்பைக் கழற்றுவதற்குக் குனிந்திருந்தார். மகேந்திரன் ஓடிப்போய் மூட்டையை இறக்கி வாங்கினான்.

"மேலயா போவுது?" என்று அவர் கேட்டார்.

"மேலதான். செருப்பப் போட்டுக்கிட்டு ஏறுங்க."